ஒரே தெருவில் மூன்று வேகத்தடைகள்

முட்டைக் கடை அக்காவுக்குத் தெருவில் இன்னொரு பெயரும் உண்டு. நேரில் யாரும் சொல்வதில்லை. 'நடக்காதக்கா' என்பது அந்தப் பெயர். பஸ் நிறுத்தம் பக்கத்திலேயே வரப்போகிறது என்று யாராவது ஆசையாகச் சொன்னால், "நடக்காது" என்பாள். இந்த வருஷம் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வரும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தால், அதே தாளில் முட்டையைச் சுற்றிக் கொடுத்தபடி "நடக்காது" என்பாள். பெரும்பாலும் அவள் சொன்னதுதான் பலித்தது. நடக்கும் என்று சொல்கிறவனைத்தான் நாலு பேர் பிடித்துக் கேள்வி கேட்பார்கள். நடக்காது என்று சொல்கிறவளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பிறக்கும்போதே அவள் அப்படிப் பிறக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் எல்லாவற்றையும் நம்பினாள். கணவர் பஸ் ஓட்டுநர். பல வருஷம் கழித்து ஒருநாள் அவர் ஓட்டிய பஸ் ஒரு விளக்குக் கம்பத்தில் போய்ச் சாய்ந்தது. யாருக்கும் அடியில்லை, கம்பத்துக்குத்தான் அடி. பிரேக் பிடிக்கவில்லை என்றார் அவர். பிரேக் பிடித்திருக்கும், நீ மிதித்திருக்க மாட்டாய் என்றது விசாரணை. வேலை போயிற்று. அவர் கோர்ட்டுக்குப் போனார்.

வழக்கு ஏழெட்டு வருஷம் நடந்தது. வாய்தா நாள் வந்தால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவார். சாயங்காலம் கசங்கித் திரும்பி வந்து, "தள்ளி வெச்சிட்டாங்க" என்பார். அவர் போய்வந்துகொண்டிருந்த காலத்தில் அவள் ஓர் அட்டை முட்டையை வாசல்படியில் வைத்து விற்கத் தொடங்கினாள். ஓர் அட்டை ஐந்தாகி, ஐந்து ஐம்பதாகி, வாசல் அறை கடையாகி, பிள்ளை இல்லாத வீட்டுக்கு முட்டை பிள்ளைபோல ஆனது. கடைசியில் அவர் மேல் தப்பில்லை என்று தீர்ப்பு வந்தபோது, அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்கூட இல்லை. அந்தக் கொஞ்ச நாளும் பஸ்ஸை ஓட்டிவிட்டு இறங்கினார். அவருக்குக் கோர்ட்டின் மேல் அசையாத பக்தி வந்துவிட்டது. அவளுக்கு முட்டையின் மேல்கூட நம்பிக்கை இல்லை. ஓட்டை போட்ட பெட்டிக்குள் பல்பு ஒன்றை எரியவிட்டு, ஒவ்வொரு முட்டையையும் அந்த வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த பிறகுதான் விற்பாள்.

வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் நாத்தனார், கணவரின் அக்கா. இன்னொருவன் அவளுடைய தம்பி. சரக்கு ஆட்டோவில் கடைகளுக்கு முட்டை கொண்டுபோய்ப் போடுகிறவன். ஆக, அவளைத் தவிர்த்து மூன்று பேர். மூன்று பேருக்கும் அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை உண்டு. ஆனால் ஆளுக்கொரு அரசாங்கம்.

கணவருக்குக் கோர்ட். நாத்தனாருக்குச் சட்டசபை உறுப்பினர். நாத்தனார் குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, உறுப்பினர் ஆட்கள் புடைசூழ வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் கையாலேயே ஓர் ஆரஞ்சை உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து நாத்தனாருக்கு அவர்தான் எல்லாம். உண்மையில் உறுப்பினர் பார்க்க வந்தது அடுத்த கட்டில்காரரை. அவர் அந்த நேரம் எக்ஸ்ரே எடுக்கப் போயிருந்தார். வந்ததற்கு யாரையாவது பார்க்க வேண்டுமே என்று உறுப்பினர் இந்தக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். இது அக்காவுக்குத் தெரியும். காலை உடைத்துக்கொண்டு கிடக்கிறவரின் மனதையும் எதற்கு உடைப்பானேன் என்று சொல்லாமல் விட்டுவிட்டாள்.

தம்பிக்கு அதிகாரிகள்தான் தெய்வம். லைசென்ஸ் வாங்க அவன் போன நாளில் வரிசையில் கூட்டமில்லை, மின்சாரம் இருந்தது, அதிகாரியும் இருக்கையில் இருந்தார். மூன்றும் கூடிவந்த அந்த ஒரு காலைப்பொழுதை வைத்துக்கொண்டு, "சட்டம் போடுறவங்களும் தீர்ப்பு சொல்றவங்களும் என்ன வேணும்னாலும் பேசட்டும் அக்கா. வேலை பண்றவன் ஆபீஸ்லதான் இருக்கான்" என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டு திரிந்தான்.

சாப்பாட்டு நேரத்தில் மூவரும் இதைப் பற்றி வாக்குவாதம் செய்வார்கள். அக்கா பரிமாறிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அந்தத் தெரு மேட்டிலிருந்து சந்தைப் பக்கம் சரிந்து இறங்கும் தெரு. பெரிய சாலையின் சிக்னலில் நிற்கப் பொறுமை இல்லாதவர்களெல்லாம் அதன் வழியாகத்தான் பறப்பார்கள். ஒருநாள் காலையில் அப்படிப் பறந்து வந்த பைக் ஒன்று, குறுக்கே வந்த நாய்க்காகத் திரும்பி, நேரே கடைக்குள் நுழைந்து, அடுக்கி வைத்திருந்த அட்டைகளின் நடுவில் போய்ப் புதைந்தது. ஓட்டி வந்தவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தலையிலிருந்து கால்வரை மஞ்சளாக எழுந்து நின்று, "பிரேக் பிடிக்கலை" என்றான். அக்காவின் கணவர் மட்டும் அவன் சொன்னதை அப்படியே நம்பினார்.

தரையைக் கழுவி முடிக்கவே மத்தியானமாகிவிட்டது. கழுவிக்கொண்டே வீட்டார் முடிவு செய்தார்கள்: தெருவுக்கு ஒரு வேகத்தடை வேண்டும்.

"நான் கோர்ட்ல மனு போடறேன்" என்றார் கணவர்.

"கோர்ட்டா? உனக்கு வேலை திரும்பி வர்றதுக்குள்ள தலைமயிரெல்லாம் போயிடுச்சேடா" என்றார் நாத்தனார். "நான் உறுப்பினரைப் பார்க்கறேன். ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"ரெண்டு பேரும் சும்மா இருங்க. சாலைத் துறை ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்தா முடிஞ்சுது" என்றான் தம்பி.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். "மூணு பேரும் போங்க. மூணுல ஒண்ணும் நடக்காது."

மூன்று பேரும் போனார்கள். கணவர் நகராட்சியின் மேல் வழக்குப் போட்டார். நாத்தனார் தாங்கித் தாங்கி நடந்து போய் உறுப்பினர் வீட்டு வரிசையில் உட்கார்ந்தார். தம்பி சாலைத் துறைப் பொறியாளரிடம் மனு கொடுத்தான். அது நகராட்சிச் சாலை என்று பொறியாளர் சொன்னார். அது துறையின் சாலை என்று நகராட்சி வக்கீல் கோர்ட்டில் சொன்னார். யாருடைய சாலையாக இருந்தாலும் மக்களுடைய சாலைதான் என்று உறுப்பினர் சொன்னார். ஒரு வருஷம் கழிந்தது. இன்னும் கொஞ்சமும் கழிந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாராவது பேச்சை எடுத்தால் அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். குழம்புக் கரண்டியை வைக்கிற சத்தத்திலேயே சொல்லிவிடுவாள்.

பிறகு ஒரு நாள் தெருவின் கீழ்க்கோடியில், பள்ளிக்கூடச் சந்து வந்து சேர்கிற இடத்தில், ஒரு லாரி வந்து ஜல்லியைக் கொட்டியது. இரண்டாம் நாள் அங்கே வேகத்தடை இருந்தது. பக்கத்திலேயே உறுப்பினரின் பெயர் பொறித்த கல். உறுப்பினரே வந்து திறந்து வைத்தார். ஒரு வேகத்தடையை எப்படித் திறப்பது என்று யாருக்கும் தெரியாததால், தன் காரை அதன்மேல் மெதுவாக ஏற்றி இறக்கினார். நாத்தனார் முன்வரிசையில் நின்று பார்த்தார். வீட்டுக்கு வந்து, "பார்த்தியாம்மா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வார்த்தையில் ஒன்றரை வருஷக் கரண்டிச் சத்தத்துக்கும் பதில் இருந்தது.

"சரி அண்ணி, ஏதோ நடந்துடுச்சு" என்றாள் அக்கா. அன்று அவளுக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அடுத்த வாரம் கடைக்கு நேர் எதிரே இன்னொரு ஜல்லி லாரி வந்தது. பொறியாளரின் ஆட்கள். தம்பி கொடுத்த மனு மேசை மேசையாக நகர்ந்து, கையெழுத்தாகி, வேலையாக வந்துவிட்டது. "கீழ ஒண்ணு இருக்கே" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். "அது எங்களுது இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் தாரைக் காய்ச்சினார்கள்.

மாதக் கடைசியில் கணவர் கோர்ட்டிலிருந்து ஓடாத குறையாக வந்தார். "தீர்ப்பு வந்துடுச்சு. உடனே போடணும்னு நகராட்சிக்கு உத்தரவு."

"ஏற்கெனவே ரெண்டு இருக்குதுங்க."

"அது அவங்களா போட்டது. இது உத்தரவு" என்றார் அவர்.

உத்தரவு தெரு தொடங்கும் மேட்டு வளைவில் வந்து உட்கார்ந்தது.

ஆக, வளைவில் ஒன்று, கடை வாசலில் ஒன்று, பள்ளிக்கூடச் சந்தில் ஒன்று. இருநூறு அடித் தெருவில் மூன்று வேகத்தடைகள். நடக்காது என்று அவள் சொன்ன மூன்றும் நடந்துவிட்டன. தெருவில் போகிறவர்கள் அவளைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. சிலர் சிரிக்கவும் செய்தார்கள்.

சிரிப்பு நீடிக்கவில்லை. வண்டிகள் வேகமாகப் போவது நின்றதென்னவோ உண்மை. ஆனால் ஒவ்வொரு வண்டியும் மூன்று முறை குதித்தது. எதிர்க்கடைத் தையல்காரர், லாரி போகும்போது காலர் தைத்தால் சட்டை அலை அடிக்கிறது என்று புலம்பினார். முட்டை லாரி ஓட்டுநர் முதல் முறை வந்தபோதே கடை வாசல் மேட்டில் இறங்கிவந்து, பின்பக்கத்தைத் திறந்து பார்த்து, வாயில் கை வைத்து நின்றார். "அக்கா, இது தெருவா, துணி துவைக்கிற கல்லா? இனிமே நான் சிக்னல் பக்கம்தான் நிறுத்துவேன். நீங்களே வந்து எடுத்துக்குங்க."

சிக்னலிலிருந்து அட்டைகளைத் தலையில் சுமந்து வருவது என்றால் எந்தக் கழுத்து தாங்கும்? தம்பி ஆட்டோவில் கொண்டு வந்தால் அதே மேடுகள். இரண்டு மேட்டையாவது எடுத்தாக வேண்டும் என்று அக்கா சொன்னாள்.

"எடுக்கட்டும். கோர்ட்டு போட்டதைத் தவிர மத்ததை எடுக்கட்டும்" என்றார் கணவர்.

"ஆபீஸ்ல போட்டதுதான் அளவா இருக்கு" என்றான் தம்பி.

"உறுப்பினரோட கல்லு மேல கை வெச்சா நான் சாப்பிடமாட்டேன்" என்றார் நாத்தனார்.

வேறு வழியில்லாமல், யாரையும் நம்பாத அக்கா மூன்று இடங்களுக்கும் தானே போனாள்.

உறுப்பினர் அவளை நன்றாக வரவேற்றார். நாற்காலி போடச் சொன்னார். "அம்மா, நான் போட்டதை நானே எடுத்தா, இந்த ஆளு போட்டதெல்லாமே தேவையில்லாததுதான்னு பேசமாட்டாங்களா? அடுத்தவங்க போட்ட ரெண்டையும் எடுக்கச் சொல்லுங்க. சபையிலேயே வேணும்னா பேசறேன்." கிளம்பும்போது ஓர் ஆரஞ்சைக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு வந்து நாத்தனாரிடம் கொடுத்தாள்.

பொறியாளர் ஒல்லியான மனிதர். பேசும்போது குடையை மடக்கி விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். "எங்க கணக்குப்படி அந்தத் தெருவுல ஒரு வேகத்தடைதான் இருக்கு."

"மூணு இருக்குதுங்க. வந்து பாருங்க."

"வந்து பார்த்தா மூணு இருக்கும். அதனாலதான் வரலை" என்றார் பொறியாளர். "கணக்குல இல்லாததை நான் எப்படிம்மா எடுக்க முடியும்?"

கடைசியில் கோர்ட்டு. ஏழெட்டு வருஷம் கணவர் இஸ்திரிச் சட்டையோடு போய்வந்த கட்டடத்துக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நீதிபதி இளவயதுப் பெண். சளி பிடித்திருந்ததால் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"என்னம்மா உங்க குறை? வேகத்தடை போடலையா?"

"போட்டுட்டாங்கம்மா. அதான் குறை."

கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை, அல்லது கைக்குட்டைக்குள் சிரித்தார். முழுவதையும் கேட்டார். பைக் கடைக்குள் புகுந்ததிலிருந்து லாரிக்காரர் வாயில் கை வைத்ததுவரை. கேட்டுவிட்டு, சனிக்கிழமை தானே நேரில் வந்து பார்ப்பதாகவும், வேகத்தடை போட்ட எல்லாத் தரப்பும் அங்கே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அக்கா யோசித்தாள். வருவாரா? வரமாட்டார்.

வந்தார். மேட்டு வளைவில் அவருடைய கார் தூக்கிப் போட்டது. கடை வாசலில் மறுபடி போட்டது. கீழ்க்கோடியில் அடியில் ஏதோ உரசி நின்றது. நீதிபதி இறங்கி, தலையைத் தடவிக்கொண்டு, கடைக்குத் திரும்பி நடந்தார். உறுப்பினர் வந்திருந்தார். பொறியாளர் குடையோடு வந்திருந்தார். நகராட்சி வக்கீலும் வந்திருந்தார். தையல்காரர் அலை அடித்த சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். அதை நீதிபதி கையில் வாங்கிப் பார்த்தார்.

அக்கா கடைக்குள் நாற்காலி போட்டாள். இரண்டுதான் இருந்தன. நீதிபதி ஒன்றில் உட்கார, இன்னொன்றில் யார் உட்காருவது என்று உறுப்பினரும் வக்கீலும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே கடைசிவரை நின்றார்கள். எது இருக்க வேண்டும் என்று நீதிபதி கேட்க, ஒவ்வொருவரும் தன்னுடையதுதான் என்றார்கள். கால் மணி நேரம் அப்படியே போனது. நீதிபதி தும்மினார்.

"இந்தத் தெருவுல யாரு ரொம்ப நாளா இருக்காங்க?" என்று கேட்டார்.

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"அப்போ இந்தம்மாவே சொல்லட்டும். திங்கக்கிழமை வந்து எங்கிட்ட சொல்லட்டும். அதை வெச்சு உத்தரவு போடறேன். யாருக்காவது ஆட்சேபணை?"

உறுப்பினருக்கு ஆட்சேபணை இல்லை. வீட்டுக்குள் நாத்தனார் இருக்கிறார். பொறியாளருக்கு ஆட்சேபணை இல்லை. தம்பியின் நன்றி அவருக்குத் தெரியும். நகராட்சி வக்கீலுக்கும் இல்லை. வழக்குப் போட்டதே இந்தம்மாவின் கணவர்தானே. மூன்று பேரும் மனநிறைவோடு கிளம்பிப் போனார்கள்.

அக்காதான் அந்தக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் செய்வதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவள். இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் அது நடக்கும் என்கிறார்கள். இப்படி ஒரு சங்கடம் வரும் என்று அவள் நினைத்துப் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தேர்தல் நடப்பதுபோல் இருந்தது. நாத்தனார் அதிகாலையில் எழுந்து சமையலை முடித்துவிட்டு, "நீ உட்காரும்மா, உனக்கு எதுக்குச் சிரமம்" என்றார். அவர் அந்த அடுப்பைப் பற்ற வைத்தே வருஷமாகியிருந்தது. தம்பி ஆட்டோவைத் துடைத்து, "அக்கா, எங்கயாவது போகணுமா? சும்மா ஒரு சுத்து?" என்று கேட்டான். கணவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து காலி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"நீங்களும் உங்க பங்குக்குச் சொல்லிடுங்களேன். கோர்ட்டு, தீர்ப்பு, உத்தரவு, எல்லாத்தையும்."

"உன் இஷ்டம்" என்றார் அவர்.

"ஏழெட்டு வருஷம் இழுத்தடிச்சவங்களுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசறீங்களே. நீங்க காத்திருந்தீங்க. நான் முட்டை வித்தேன்."

"தெரியாதா எனக்கு?" அவர் அட்டையைக் கீழே வைத்தார். "நீ வித்த முட்டையிலதானே நான் சாப்பிட்டுட்டு கோர்ட்டுக்குப் போனேன். ஆனா தீர்ப்பு அன்னிக்கு நீ வரலை. கடையில கூட்டம். அந்த ஜட்ஜ் என் பேரைச் சொல்லிப் படிச்சாரு. 'இவர் பிரேக்கை மிதித்தார், பிரேக் பிடிக்கவில்லை.' அவ்வளவுதான். அத்தனை வருஷத்துல நான் மிதிச்சேன்னு நம்பினது அந்த ஒரு ஆளுதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்த நாட்களில் தானே அவரிடம், 'நிஜமாத்தான் மிதிச்சீங்களா?' என்று இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. மறுபடி அட்டையை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

மத்தியானம் முழுக்க அவள் கடை வாசலில் நின்று தெருவைப் பார்த்தாள். வண்டிகளுக்கு வேகம் பிறப்பது மேட்டு வளைவில்தான். அங்கே அடக்கிவிட்டால் கீழே வரும்வரை அடக்கமாகத்தான் வருகின்றன. அது நியாயமான காரணம்தான். அந்தக் காரணம் மட்டும்தானா என்று யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. திங்கட்கிழமை நீதிபதியிடம் தனியாகப் போய், "வளைவுல இருக்கறது இருக்கட்டும்மா, மத்த ரெண்டையும் எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வீட்டில் மூன்று பேர் முகத்தையும் பார்த்தபிறகு, எடுக்கும்போது தெரிந்துகொள்ளட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

எடுக்கும் பொறுப்பைப் பொறியாளரின் துறைக்குக் கொடுத்திருந்தார்கள். அன்று பார்த்து அக்கா முட்டை வாங்கச் சந்தைக்குப் போயிருந்தாள். ஆட்கள் கீழ்க்கோடியிலிருந்துதான் தொடங்கினார்கள். ஆனால் உறுப்பினரின் வேகத்தடையோடு அவருடைய பெயர்க்கல்லையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பெயர் ஆடாமல் நிற்க வேண்டுமே என்று ஒப்பந்தக்காரர் தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கம்பி கட்டி, சிமெண்டைச் சரியாகக் கலந்து போட்டிருந்தார். இயந்திரத்தின் பல் உடைந்தது. இரண்டாவது பல்லும் உடைந்தது. இரண்டு வேகத்தடைகளை எடுக்கச் சொல்லி உத்தரவு. எந்த இரண்டானால் என்ன என்று, இளகலாக இருந்த மற்ற இரண்டையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அக்கா திரும்பி வந்தபோது நாத்தனார் வாசலிலேயே அவளைக் கட்டிக்கொண்டார். "உன் மனசு யாருக்கும்மா வரும்? இவ்வளவு நாளா உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்."

தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆட்டோவில் உட்கார்ந்திருந்தான். கணவர் எதுவும் நடக்காததுபோல, "சந்தையில கூட்டமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"என்னங்க, நான் வளைவுல இருக்கறதைத்தான் சொன்னேன். உங்களுதை."

"பரவால்ல விடு."

"நிஜமாத்தாங்க."

"எனக்கு ஒண்ணும் வருத்தமில்லை. ஆறுதலுக்கெல்லாம் சொல்லாதே."

அவள் எவ்வளவோ சொன்னாள். அவர் நம்பவில்லை. தெருவில் தையல்காரரிடம் சொன்னாள். "நாத்தனார் வீட்டுலயே இருக்கறப்போ வேற என்னக்கா பண்ண முடியும்" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். ஊரில் ஒருத்தரும் அவளை நம்பவில்லை. உண்மையைச் சொல்லியும் நம்பாதவர்களை என்ன செய்வது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. இப்படி ஓர் அவஸ்தை இருக்கிறது என்று அதுவரை யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் பொறியாளரே கடைக்கு வந்தார். அரை டஜன் முட்டை கேட்டார். குடையை மடக்கினார், விரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, ஆளுங்க தப்பா எடுத்துட்டாங்க. நீங்க கோர்ட்ல சொன்னீங்கன்னா என் வேலைக்கே ஆபத்து. கொஞ்சம் சொல்லாம இருக்கணும். உங்களை நம்பித்தான் வந்தேன்" என்றார்.

"என்னை நம்பியா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தத் தெருவுலயே நீங்க ஒருத்தர்தாங்க."

அவள் முட்டைகளைத் தாளில் சுற்றினாள். "கோர்ட்ல நான் சொல்லலை. ஆனா ஒண்ணு. என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார். அவர்கிட்ட நீங்களே உங்க வாயால சொல்லிட்டுப் போங்க, நான் எதைச் சொன்னேன்னு."

பொறியாளர் பின்கட்டுக்குப் போய், காலி அட்டைகளின் நடுவில் குடையோடு நின்று, ஒன்று விடாமல் சொன்னார். கணவர் முதலில் அவரைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை அவள் பார்த்தாள். ஏதோ நல்ல வார்த்தை சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள்.

"அப்படின்னா இது கோர்ட் அவமதிப்பு" என்றார் கணவர். "நான் வழக்குப் போடப்போறேன்."

இஸ்திரிப் பெட்டியைத் தேடி எழுந்தவரின் சட்டையை அக்கா பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லமாட்டேன்னு வாக்கு கொடுத்திருக்கேங்க."

"நீ கொடுத்தே. நான் கொடுக்கலையே."

பொறியாளரின் குடை கீழே விழுந்தது. அக்கா இருவருக்கும் நடுவில் நின்று பேசினாள். இன்னொரு ஏழெட்டு வருஷம் தன்னால் கோர்ட்டு வாசலைப் பார்க்க முடியாது என்றாள். இந்த மனுஷனுக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், அவளும் முட்டை விற்கத் தொடங்க வேண்டுமா என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் கணவர் உட்கார்ந்துவிட்டார். "சரி. ஆனா உத்தரவு போட்ட இடத்துல அது திரும்பி வந்தாகணும்" என்றார்.

"வரும் சார்" என்றார் பொறியாளர்.

"பிரேக் பிடிக்கலைன்னா திரும்ப வருவேன்" என்றார் கணவர். பொறியாளருக்குப் புரியவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

அடுத்த வாரத்துக்குள் வளைவில் வேகத்தடை மறுபடி எழும்பியது. பொறியாளரே பக்கத்தில் நின்று போட வைத்தார். வெள்ளைக் கோடுகூட அடித்துவிட்டுப் போனார். கீழ்க்கோடியில் உறுப்பினருடையதும் அப்படியே இருந்தது. அதை யாராலும் அசைக்க முடியாது. ஆக மூன்று இரண்டாயிற்று. நடுவில் இல்லாததால் தையல்காரரின் காலர் நேரானது. முட்டை லாரி ஓட்டுநர் ஒரு தடவை வெறும் வண்டியோடு வந்து பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டார்.

லாரி மறுபடி தெருவுக்குள் வந்த காலையில் எல்லோரும் வாசலில் நின்றார்கள். நாத்தனார் உறுப்பினரின் பெயர்க்கல்லைத் துணியால் துடைத்துவிட்டு வந்திருந்தார். கணவர் வளைவுவரை நடந்து போய், வண்டிகள் மெதுவாக ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு, வந்து அவள் பக்கத்தில் நின்றார். தம்பியுடைய வேகத்தடைதான் தெருவில் இல்லாமல் போயிற்று. அவனாவது இனிமேல் வாயை மூடுவான் என்று அக்கா நினைத்தாள்.

"பார்த்தியா அக்கா?" என்றான் தம்பி. "ஆபீசர் மனசு வெச்சாரு, ஒரே வாரத்துல முடிஞ்சுடுச்சு. நான் அப்பவே சொன்னேன்ல?"

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு லாரியின் பின்கதவைத் திறந்து, மேலடுக்கு அட்டையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "முதல்ல இதை உடையாம உள்ள கொண்டுபோய் வை, அது நடக்குதா பார்க்கலாம்" என்றாள்.